கையால் ப்ரைமர் பொருத்துவது ஆபத்தா? ஏற்காட்டிலிருந்து கேட்டவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கருவியைப் பற்றி. டெக்சாஸில் வேலை பார்க்கும் மகன் வீட்டு கராஜில் காலித் தோட்டாக்களுக்கு மறுபடி மருந்து நிரப்புகிறான். அதில் மருந்தைப் பற்றவைக்கிற ப்ரைமர் என்ற குட்டிப் பாகத்தைப் பொருத்துவதற்குக் கையால் அமுக்குகிற கருவி ஒன்று வாங்கியிருக்கிறான். வீடியோ காலில் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினான். பின்னால் பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து உங்களுக்கு மனசு சரியில்லை. கூடவே, உங்கள் எஸ்டேட்டில் லைசென்ஸுடன் இருக்கும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு அதேபோல ஒன்றை வரவழைக்கலாமா, பங்களா பரணில் கிடைத்த, நாட்டுத் துப்பாக்கிக்குப் போடும் பழைய வெடிக் கேப்பு டப்பாவை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, பையனை நிறுத்தச் சொல்வதா, விட்டுவிடுவதா என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒழுங்காகச் செய்கிறவனாக இருந்தால் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்காகச் செய்கிறானா என்று தெரிந்துகொள்ள என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் கீழே சொல்கிறேன். உங்களுக்கு ஒன்று வரவழைக்கும் யோசனையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். டப்பாவை, நான் சொல்லும் இடத்துக்கு வரும்வரை தொட வேண்டாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் எதை நம்பலாம், எதை இன்னொருவரிடம் கேட்க வேண்டும் என்று உங்களுக்குப் புரியும். சேலத்தில் செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில், வெடி வைப்பவருக்கான 'பிளாஸ்டர்' சான்றிதழோடு வெடி வைத்தவன். வெடியைக் கிளப்பும் டெட்டனேட்டரைக் கையாள்வதில் அங்கே பெற்ற பயிற்சிதான் எனக்கு அடிப்படை. அப்புறம் அமெரிக்காவில் கல்குவாரி வேலை, அங்கே குடியுரிமை, வார இறுதியில் குறி பார்த்துச் சுடும் பழக்கம். தோட்டா விலை கட்டுப்படியாகாமல் எல்லாரையும் போல நானும் வீட்டில் நிரப்பக் கற்றுக்கொண்டேன். இப்போது அழகாபுரத்தில் ஓய்வு. நான் வக்கீல் அல்ல. உங்கள் மகன் வாங்கிய மாடலை நான் கையாண்டதும் இல்லை. அதனால் கருவியோடு வந்த குறிப்புத்தாள் ஒன்று சொல்லி நான் வேறு சொன்னால், தாள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ப்ரைமர் என்பது என்ன? ஒரு தோட்டாவில் பித்தளைக் கூடு, மருந்து, முன்னால் குண்டு, பின்னால் அடிப்பாகத்தின் நடுவில் ப்ரைமர் என்று நான்கு பாகம். துப்பாக்கியின் ஊசி வந்து ப்ரைமரில் அடிக்கும். அது பொறி கக்கும். அந்தப் பொறி ஒரு சின்னத் துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். பெரும்பாலான கைத்துப்பாக்கி, ரைஃபிள் தோட்டாக்களுக்கு இரண்டே குறுக்களவு: சின்னது 4.45 மில்லிமீட்டர், பெரியது 5.33 மில்லிமீட்டர். மல்லி விதை அளவில் ஒரு குட்டி உலோகக் கிண்ணம்தான். உள்ளே லெட் ஸ்டிஃப்னேட், பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு, கொஞ்சம் டெட்ராசீன் கலந்த கலவை, சில பத்து மில்லிகிராம். அதன் மேல் மூன்று கால் அல்லது இரண்டு கால் வைத்த ஒரு குட்டி உலோகத் துண்டு, அன்வில் என்பார்கள். ஊசி அடிக்கும்போது கலவை கிண்ணத்துக்கும் அன்விலுக்கும் நடுவே நசுங்கி வெடிக்கும். இதில் கவனிக்க வேண்டியது: தோட்டா மருந்து திறந்த இடத்தில் பற்றினால் வேகமாக எரியும், அவ்வளவுதான். ப்ரைமர் கலவை அப்படி இல்லை. அடி, உராய்வு, சூடு, மின்பொறி எது பட்டாலும் நொடியில் வெடிக்கிற ஜாதி. சுரங்கத்தில் டெட்டனேட்டருக்குள் இருப்பதும் இதே குடும்பம்தான். நாங்கள் வெடித் தோட்டாவையும் டெட்டனேட்டர் கேப்பையும் ஒரே பெட்டியில் ஒருபோதும் எடுத்துப் போனதில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

இனி கருவி. அதன் வடிவம் பல கம்பெனியில் பலவிதம், வேலை செய்யும் விதம் ஒன்றே. மேலே ஒரு தட்டு. அதில் நூறு வரை ப்ரைமரைக் கொட்டலாம். தட்டின் அடியில் வரிவரியாகக் கோடு இருக்கும். மெல்ல ஆட்டினால் ப்ரைமர்கள் அந்தக் கோட்டில் இடறிப் புரண்டு, அன்வில் மேலே, பளபளப்பான கிண்ணம் கீழே என்று ஒரே பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். மூடியைப் போட்டுச் சாய்த்தால் ஒவ்வொன்றாகச் சரிந்து ஒரு தண்டின் தலையில் வந்து உட்காரும். கூட்டின் அடிவிளிம்பைக் கருவியின் பிடியில் நுழைத்து நெம்புகோலை அமுக்கினால் தண்டு மேலே எழும்பி ப்ரைமரைக் கூட்டின் குழிக்குள் தள்ளும். அமுக்கும்போது கைக்கு இரண்டு கட்டம் தெரியும். முதலில் ப்ரைமர் குழியின் சுவரை உரசிக்கொண்டு ஒரே சீராக ஏறும். பிறகு அன்வில் கால்கள் குழியின் தரையைத் தொட்டதும் ஒரு நிற்பு. அதற்கு மேல் துளி அழுத்தம் கொடுத்தால் அன்வில் கலவைமேல் சற்றே இறுகி உட்காரும். அங்கே நிறுத்த வேண்டும். சரியாகப் பொருந்திய ப்ரைமர் கூட்டின் அடிப்பரப்பை விட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உள்வாங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியால் தடவினால் தெரியும். மேசையோடு பூட்டிய பெரிய பிரஸ்ஸிலும் ப்ரைமர் பொருத்தலாம். ஆனால் அதன் நெம்புகோல் அவ்வளவு பலமானது என்பதால் இந்த இரண்டு கட்டமும் கைக்குத் தெரியாமலே போய்விடும். விஷயம் தெரிந்தவர்கள் கைக்கருவியை விரும்புவது இதற்காகத்தான். ஆகவே 'கையில் வைத்து அமுக்குகிறானே' என்று நீங்கள் பயந்த அந்த அம்சம் உண்மையில் ஒரு பாதுகாப்பு.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தண்டின் மேல் இருக்கும் ஒற்றை ப்ரைமர் வெடித்தால் காதடைக்கும் சத்தம், விரலில் காயம், கண்ணாடி போடாதவனுக்குக் கண்ணில் அடி. அது போதாதா என்றால், போதும்தான். ஆனால் கையோ கண்ணோ முழுதாகப் போவது, அந்த ஒன்று பக்கத்துத் தட்டில் இருக்கும் மீதியையும் சேர்த்துக் கிளப்பும்போதுதான். ஒரு ப்ரைமர் வெடித்தால் அதை ஒட்டி இருப்பதும் வெடிக்கும், அதை ஒட்டியதும், நூறும் ஒரே வெடியாகிவிடும். தட்டு இருப்பதோ கைவிரல்களுக்கு மேலே, முகத்துக்கு ஒரு முழ தூரத்தில். அதனால் மகனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அமுக்கும் நேரத்தில் தண்டில் இருக்கும் ப்ரைமரையும் தட்டையும் பிரிக்கிற தடுப்புக் கதவு உன் கருவியில் இருக்கிறதா? ஆர்.சி.பி.எஸ். கம்பெனியின் கைக்கருவியில் அப்படி ஒரு கதவு இருக்கிறது. நெம்புகோலை அமுக்கும்போது தட்டுக்கும் தண்டுக்கும் நடுவே தடுப்பு வந்துவிடும். லீ கம்பெனியின் பழைய வட்டத்தட்டு மாடலில் அது இல்லை. அதனாலேயே அதன் குறிப்புத்தாளில் ஃபெடரல் கம்பெனி ப்ரைமரைத் தட்டில் போடாதே என்று எச்சரிக்கை உண்டு. ஃபெடரலும் தன் ப்ரைமர்களை மற்றவர்களைவிடப் பெரிய பெட்டியில், ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு அடுக்கித்தான் விற்கிறது. கதவு இல்லாத கருவிதான் மகனிடம் இருக்கிறது என்றால், தட்டு இல்லாமல் ஒவ்வொன்றாகக் கையால் வைக்கிற மாடலுக்கு மாறச் சொல்லுங்கள். வேலை மெதுவாகும். பொழுதுபோக்குக்குச் செய்கிறவனுக்கு என்ன அவசரம்? மாற மனமில்லை என்றால் தட்டில் பத்துப் பதினைந்துக்கு மேல் போடக்கூடாது. நூறு பிடிக்கும் என்பதற்காக நூறு கொட்ட வேண்டியதில்லை.

அடுத்தது கையின் குணம். நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு: எது மக்கர் செய்தாலும் இன்னும் கொஞ்சம் பலமாக அமுக்கிப் பார்ப்பது. இந்த வேலையில் அதுதான் ஆளைக் கெடுக்கும். ப்ரைமர் கலவை மெதுவான, சீரான அழுத்தத்தைப் பெரும்பாலும் தாங்கும். திடீர் அடியைத் தாங்காது. தடங்கல் வந்த இடத்தில் கை இறுக்கி அமுக்கும்போது, தடங்கல் சட்டென்று விடுபட்டால் அது அடியாக மாறிவிடுகிறது. தடங்கல் ஏன் வருகிறது? அமெரிக்காவில் பலரும் ராணுவத் தோட்டாவின் காலிக் கூட்டை மலிவாக வாங்கி நிரப்புகிறார்கள். அதில் ப்ரைமர் கழன்றுவிடாமல் இருக்கக் குழியின் வாயைத் தொழிற்சாலையிலேயே உள்பக்கமாக நெரித்து வைத்திருப்பார்கள். அந்த நெரிப்பைத் தனிக் கருவியால் விரித்தோ சுரண்டியோ எடுக்காவிட்டால் புது ப்ரைமர் வாயிலேயே மாட்டி நசுங்கும். என் அனுபவத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தவறுகிற இடம் இது. மற்றக் காரணங்களைச் சொல்ல நேரம் ஆகாது: ப்ரைமர் சாய்ந்தோ தலைகீழாகவோ வந்திருக்கும், சின்னக் குழிக்குப் பெரிய ப்ரைமர் போட்டிருப்பான், பழைய கரி குழியில் படிந்திருக்கும், கூடு பிடியில் சரியாக உட்கார்ந்திருக்காது. காரணம் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே. கையைத் தளர்த்து, நெம்புகோலை விடு, கூட்டை வெளியே எடுத்துப் பார். மாட்டிக்கொண்ட ப்ரைமரை ஆணியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ நெம்பக் கூடாது. பாதி நுழைந்து நிற்கிற ப்ரைமரோடு அந்தக் கூட்டையே தள்ளி வைத்துவிட வேண்டியதுதான். ஒரு பித்தளைக் கூட்டின் விலை சில சென்ட்.

அமுக்கும்போது கருவி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கேளுங்கள். ப்ரைமர் தவறி வெடித்தால் தீ, கூட்டின் நடுத்துளை வழியே போய்க் கூட்டின் வாயால் வெளியே வரும். ஆகவே கூட்டின் வாய்க்கு நேரே முகம் இருக்கக் கூடாது. குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டு அமுக்குவது தவறு. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மூக்குக் கண்ணாடி அதற்கு ஈடாகாது; பக்கவாட்டில் மறைப்பு இருக்க வேண்டும். காதுக்கும் ஏதாவது மாட்டிக்கொள்வது நல்லது; மூடிய கராஜில் அந்தச் சத்தம் சின்னது அல்ல. ப்ரைமர் வேலை நடக்கும்போது மேசைமேல் மருந்து டப்பா இருக்கவே கூடாது. மருந்து போட்ட கூட்டில் ப்ரைமர் பொருத்தவும் கூடாது.

இதிலிருந்தே இன்னொன்று வருகிறது. முழுவதும் தயாரான தோட்டாவில் ப்ரைமர் சற்று வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று கடைசியில் தெரியவரும். தட்டையான கண்ணாடிமேல் தோட்டாவை நிறுத்தினால் ஆடும், அதுதான் அடையாளம். 'இன்னொரு அமுக்கு அமுக்கினால் சரியாகிவிடும்' என்று தோன்றும். தோட்டாவுக்குள் மருந்தும் குண்டும் இருக்கும்போது ப்ரைமரைத் திரும்ப அமுக்குவது, கையில் வைத்துச் சுடுவதற்குச் சமம். அப்படியே விட்டுச் சுடலாமா என்றால் அதுவும் கூடாது. சாதாரணத் துப்பாக்கியில் முதல் அடி ப்ரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகித் தோட்டா ஊமையாகும். தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கியில், ஏறும் வேகத்திலேயே, விசையை இழுக்காமலே வெடித்துவிடக்கூடும். ஆகவே அதைத் தனியே வைத்து, முதலில் குண்டையும் மருந்தையும் பிரித்தெடுக்க வேண்டும். மிஞ்சுகிற, ப்ரைமர் மட்டும் உள்ள வெறும் கூட்டைத் துப்பாக்கியில் போட்டுப் பாதுகாப்பான இடத்தை நோக்கிச் சுட்டுவிட்டால் கதை முடிந்தது.

இப்போது பேத்தி. உண்மையைச் சொன்னால், உங்கள் கேள்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தக் கருவி அல்ல, குழந்தை பின்னால் தவழ்ந்துகொண்டிருந்தாள் என்ற வரிதான். வெடி ஒரு பக்கம் இருக்கட்டும். ப்ரைமரில் இருப்பது ஈயம். சுட்ட கூட்டில் ஈயப் பொடி ஒட்டியிருக்கும். பழைய ப்ரைமரைத் தட்டி எடுக்கும்போதும், கூடுகளை உமி போன்ற தூளோடு போட்டுச் சுழற்றிச் சுத்தம் செய்யும்போதும் அந்தப் பொடி காற்றில் எழும். தரையில் படிந்ததைத் தவழுகிற குழந்தை கையால் தொட்டு வாயில் வைக்கும். வளரும் மூளைக்கு ஈயம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நல்லதல்ல. இதில் மருத்துவர்களிடம் இரண்டு கருத்து இல்லை. ஆகவே குழந்தை அந்த கராஜ் பக்கமே வரக் கூடாது. வேலை முடித்தவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் அவளைத் தூக்க வேண்டும். வேலை செய்யும்போது காப்பி, பலகாரம் எதுவும் மேசைக்கு வரக் கூடாது. கீழே விழுந்த ப்ரைமரை அப்போதே குனிந்து தேடி எடுக்க வேண்டும். தட்டில் போட்டது எத்தனை, பொருத்தியது எத்தனை என்று எண்ணினால் ஒன்று குறைவது தெரிந்துவிடும். தரைவிரிப்பு உள்ள அறையில் இந்த வேலையே வேண்டாம். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கவும் கூடாது. உள்ளே சுழலும் விசிறியில் பட்டு ப்ரைமர் வெடிக்கும், உள்ளே சேர்ந்திருக்கும் தூசி பற்றும். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

மிச்சமான ப்ரைமரை அது வந்த பெட்டியிலேயே திரும்ப அடுக்க வேண்டும். அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றையும் பிரித்து வைக்கும்படி யோசித்துச் செய்தவை. நம் ஊரில் பொத்தானும் ஊசியும் போட்டு வைப்பதுபோல ஒரு ஜாடியில் கொட்டி வைத்தால் அது வெடிகுண்டுதான், வேறு பெயர் கிடையாது. இறுக்க மூடும் கனமான இரும்புப் பெட்டிக்கும் அதே கதி. மர அலமாரி நல்லது. பூட்டு இருக்க வேண்டும். மருந்து வேறு அலமாரியில். அமெரிக்கத் தீத்தடுப்பு விதி வீட்டில் 10,000 ப்ரைமர் வரை வைக்க இடம் தருகிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக அத்தனை வாங்கி அடுக்க வேண்டுமா என்பது வேறு விஷயம். எனக்கு ஆயிரத்துக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

இதுவரை சொன்னவை உறுதியானவை. சில விஷயங்களில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை. பிளாஸ்டிக் தட்டில் நிலைமின்சாரம் சேர்ந்து ப்ரைமர் வெடிக்குமா என்பதில் சண்டை உண்டு. கலவைக்கு மின்பொறி ஆகாது என்பது நிச்சயம். கிண்ணத்துக்குள் உறையிட்டு மூடியிருக்கும் ப்ரைமருக்கு அன்றாடப் பொறி போதுமா என்பதில்தான் வாதம். நான் சுரங்கப் பழக்கத்தால் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, ஓர் இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவேன். தட்டில் படியும் மெல்லிய பொடியை அவ்வப்போது துடைப்பதை மட்டும் யாரும் மறுப்பதில்லை. அது உதிர்ந்த கலவையே. எண்ணெயில் ஊறவைத்தால் ப்ரைமர் செத்துவிடும் என்று பலர் சொல்வார்கள். சில சமயம் சாகும், சில சமயம் காய்ந்ததும் உயிர்த்துக்கொள்ளும். நம்பாதீர்கள். கையுறை போடலாமா என்றால், தடிமனான தோல் உறை விரலைக் காக்கும், ஆனால் அந்த இரண்டு கட்டத்தை உணர விடாது. நான் போடுவதில்லை, போடுகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்று. இதை உடனே மகனிடம் பேசுங்கள். அவர் எந்த விசாவில் இருக்கிறார்? கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் கவலையில்லை. தன் உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள அமெரிக்க மத்தியச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை, விற்றால்தான் தேவை. ஆனால் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அந்தச் சட்டப்படி குற்றம். தோட்டா என்ற சொல்லுக்குள் ப்ரைமர், காலிக் கூடு, குண்டு, மருந்து எல்லாமே தனித்தனியாக அடங்கும். இதற்குள்ள விலக்குகளில் நம் பையன்கள் பயன்படுத்துவது ஒன்று: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. டெக்சாஸில் பெரும்பாலான வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். செப்டம்பர் முதல் தேதி புதுப்பிக்காதவர் அலமாரியில் ப்ரைமர் பெட்டியை வைத்திருந்தால் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். விசாவே போய்விடக்கூடிய சமாசாரம். அங்குள்ள வக்கீல் ஒருவரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் விஷயம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு தோட்டா என்பதற்குத் தரும் விளக்கத்தில், தோட்டாவின் பாகங்களையும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்தே சொல்கிறது. ப்ரைமர் சந்தேகமில்லாமல் இதில் வரும். அந்தக் கைக்கருவியும் வரும் என்றே நான் படிக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பதை ஐந்தாம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். உங்களிடம் இருப்பது துப்பாக்கியையும் தோட்டாவையும் வாங்கி வைத்துக்கொள்ளத் தந்த லைசென்ஸ். தோட்டா செய்ய அல்ல. காலித் தோட்டாவை நிரப்புவது 'தயாரிப்பு' ஆகுமா என்று வாதாட இடம் இருக்கலாம். அந்த வாதத்தை நீங்கள் சேலம் கோர்ட்டில் நின்று சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் கலெக்டர் ஆபீஸில் ஆயுத லைசென்ஸ் பார்க்கும் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். மகன் ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாமே என்ற பேச்சும் வேண்டாம். விமானத்தில் ப்ரைமரைக் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது. சுடும் இடத்துக்கு எடுத்துப்போன பையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக நம் விமான நிலையங்களில் வழக்கு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். கிளம்பும் முன் பையை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு, அந்தக் கருவி உங்கள் 12 போருக்கு உதவவும் உதவாது. இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் கூட்டுத் தோட்டாவில் இருக்கும் ப்ரைமர் வேறு ஜாதி. 209 என்று பெயர், உயரமாக, தொப்பி வைத்தாற்போல இருக்கும். அதைக் கழற்றுவதும் பொருத்துவதும் பெரும்பாலும் மேசை பிரஸ்ஸில்தான். நீங்கள் பன்றியை விரட்டவும் காவலுக்கும் வைத்திருக்கிற துப்பாக்கிக்கு ஆண்டுக்கு எத்தனை தோட்டா செலவாகிவிடும்? கிர்க்கி தொழிற்சாலைத் தோட்டா லைசென்ஸ் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி, ஏற்காட்டு மூடுபனி ஏறாத அலமாரியில் வையுங்கள். அட்டைக் கூடு உள்ள பழைய தோட்டா இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஈரத்தில் உப்பியிருந்தால் குழலில் திணிக்காதீர்கள்.

கடைசியாக டப்பா. பழைய நாட்டுத் துப்பாக்கிக்குப் போடும் செப்புக் கேப்பு, பச்சைக் களிம்பு பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துக் கேப்பில் பாதரச ஃபல்மினேட்டோ குளோரேட் கலவையோ இருக்கும். வருஷம் ஆக ஆக ஃபல்மினேட் வீரியம் குறையும் என்பது உண்மை. எது குறைந்தது, எது குறையவில்லை என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சுரங்கத்தில் பழைய டெட்டனேட்டரைப் பார்த்தால் நாங்கள் எட்ட நிற்போம். சில டெட்டனேட்டரில் இருக்கும் லெட் அசைடு என்ற வெடிப்பொருள் ஈரத்தில் செம்போடு சேர்ந்தால் தொட்டாலே வெடிக்கும் உப்பாக மாறும் என்பதால்தான் அந்த வகை டெட்டனேட்டர் குழாயை அலுமினியத்தில் செய்கிறார்கள். உங்கள் டப்பாவில் அசைடு இருக்காது. ஆனாலும் களிம்பைச் சுரண்டிப் பிரிக்கப் பார்ப்பது, எண்ணெய் விட்டு ஊறவைப்பது, குழி தோண்டிப் புதைப்பது, குப்பையோடு எரிப்பது, பழைய இரும்பு வாங்க வருபவரிடம் போட்டுவிடுவது, இதில் எதையும் செய்யாதீர்கள். டப்பாவைத் திறக்காமல், நகர்த்தாமல், பரணுக்கு யாரும் ஏறாதபடி ஏணியை எடுத்துவிடுங்கள். உங்கள் துப்பாக்கி லைசென்ஸ் நகலை எடுத்துக்கொண்டு ஏற்காடு காவல் நிலையத்துக்குப் போய், முன்னோர் வைத்துவிட்டுப் போன டப்பா வீட்டைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். தேவைப்பட்டால் சேலத்திலிருந்து வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை அவர்களே வரவழைப்பார்கள். நீங்களே டப்பாவை ஜீப்பில் வைத்து அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள்.